நண்டு பெருக்கும் வீடு

சிங்கப்பூரின் தென் தீவுகளின் பவளப்பாறைகளில் வாழும் சிற்றுயிர்களை ஆராய்ந்துவரும் கடலியல் ஆய்வாளர் ஒருவர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: பிள்ளைகளோடு கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனால் தண்ணீர் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) மாதிரி இருக்கிறது. இந்தக் கடலில் பவளம் வளர்கிறது என்றால் எப்படி நம்புவது?
– வாசகர், பிடோக்

பதில்: தே தாரிக் என்றது பொருத்தம்தான். செயிண்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் முதன்முதலில் மூழ்கியபோது நீட்டிய கையின் விரல் எனக்குத் தெரியவில்லை. முகக்கண்ணாடியில் ஏதோ கோளாறு என்று நினைத்து மேலே வந்துவிட்டேன். கண்ணாடியில் ஒன்றுமில்லை, கடலே அப்படித்தான்.

1960களில் பத்து மீட்டர் தூரம் தெரிந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் நிலமீட்பு வந்தது, தூர்வாருதல் வந்தது. நீங்கள் பிள்ளைகளோடு நிற்கிற அந்தக் கடற்கரையே கடலில் மண் கொட்டி உண்டாக்கியதுதான். இன்று இரண்டு மீட்டர் தெரிந்தால் எங்களுக்கு நல்ல நாள். பழைய பவளப்பாறைகளில் சுமார் 60 விழுக்காடு போய்விட்டது. வெளிச்சம் கீழே இறங்காததால், மிஞ்சியவையும் மேலே சில மீட்டர் ஆழத்துக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. ஆனாலும் ஏறத்தாழ 250 இனக் கடினப் பவளங்கள் இங்கே உண்டு. உலகம் முழுக்கச் சேர்த்தாலே 800 சொச்சம்தான். கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும் துறைமுகத்துக்கு நடுவில் இத்தனை இருப்பது எனக்கு இன்றும் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பில்லாத உயிர்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறாள். நண்டு, நத்தை, புழு! ஆமை, டால்பின் என்றாலாவது சொந்தக்காரர்களிடம் சொல்லலாம். இதில் ஆராய என்ன இருக்கிறது?
– கவலையுள்ள தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: என் அம்மா கல்யாண வீடுகளில் என்னை ‘மீன் டாக்டர்’ என்றுதான் அறிமுகப்படுத்துவார். ஒருமுறை திருத்தப் பார்த்தேன். “நண்டு டாக்டர்னு சொன்னா யாருடா பொண்ணு குடுப்பா?” என்றார். ஆகவே உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, ஐயா.

முதலில், பவளமே முதுகெலும்பில்லாத உயிர்தான். அதை உயிரோடு வைத்திருப்பவற்றிலும் பல அப்படித்தான். கிளைப் பவளங்களின் இடுக்கில் ட்ரபீசியா என்று ஒரு நண்டு குடியிருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பவளம் கசியவிடும் கோழைதான் அதன் சாப்பாடு. இந்தக் குடித்தனத்தால் வீட்டுக்காரருக்கு என்ன லாபம் என்று பார்க்க, பிரெஞ்சுப் பாலினேசியாவின் மூரேயா தீவில் சில பவளங்களிலிருந்து நண்டுகளை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நண்டில்லாத பவளங்களில் 45 முதல் 80 விழுக்காடு ஒரு மாதத்துக்குள் செத்துப்போயின. நண்டு இருந்தவை அத்தனையும் பிழைத்தன. மேலே விழும் வண்டலை அந்த நண்டுகள் ஓயாமல் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தன. 2006இல் வெளியான இந்த ஆய்வைப் படித்துவிட்டுத்தான் நான் நண்டுப் பக்கம் வந்தேன். பிடோக் வாசகர் சொன்ன தே தாரிக் கடலில் பெருக்கித் துடைக்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பது சின்ன விஷயமில்லை.

இப்படி ஒளிந்து வாழ்பவற்றை மூழ்கிப் போய் எண்ண முடியாது. அதனால் நாங்களே அவற்றுக்கு அடுக்குமாடி புளோக் வீடு கட்டிக்கொடுக்கிறோம். ஒரு சாண் அகலமுள்ள பிவிசி தட்டுகள் ஒன்பதைச் சந்து விட்டு அடுக்கி, கடலடியில் பொருத்திவிட்டு, ஓரிரண்டு வருடம் கழித்து எடுப்போம். மாடிக்கு மாடி குடும்பங்கள் வந்திருக்கும்: கடற்பஞ்சு, குழாய்ப்புழு, சொடுக்கு இறால், நட்சத்திர மீனின் ஒல்லியான பங்காளிகள். பெரியவற்றைப் படமெடுத்து எத்தனாலில் போடுவோம். தட்டில் ஒட்டியதைச் சுரண்டி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். சுரண்டும் நாளில் ஆய்வகத்துக்கும் தேக்கா சந்தையின் மீன் கடைகளுக்கும் வாசனையில் வித்தியாசம் தெரியாது.

ஒருமுறை அவசரத்தில், பெட்டி போட்டு மூடாமலே அடுக்கைத் தூக்கிவிட்டேன். ஓடத் தெரிந்ததெல்லாம் பாதி வழியில் குதித்து ஓடிவிட்டது. இரண்டு வருடக் காத்திருப்பு, படகில் வந்து சேர்ந்தது புழுக்கள் மட்டும். மகளிடம் சொல்லுங்கள்: மூடிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

கேள்வி: பவளம் கல்லா, செடியா, பிராணியா?
– தொடக்கநிலை 4 மாணவி, செங்காங்

பதில்: பிராணிம்மா. பாலிப் என்று பெயர். வாயைச் சுற்றிக் குட்டிக் கைகள் இருக்கும். அதன் உடம்புக்குள் பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்து, சாப்பாட்டில் பெரும்பங்கைக் கொடுக்கிறது. நீ பார்க்கிற கல், அந்தப் பிராணி தனக்குக் கீழே கட்டிக்கொண்ட வீடு.

கேள்வி: என் தாலிச் சரட்டில் இரண்டு பவளம் கோத்திருக்கிறது. நான் ஏதும் தப்பு செய்துவிட்டேனா?
– வாசகி, சிராங்கூன்

பதில்: இல்லை அம்மா, நிம்மதியாக இருங்கள். அது வேறு, இது வேறு. நகைக்கான சிவப்புப் பவளம் காலம்காலமாக மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. வெளிச்சம் குறைந்த ஆழத்திலும் குகைகளிலும் வளர்வது, பாசி அதற்குத் தேவையில்லை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நம்மவர்கள் மிளகு கொடுத்தார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம்தான். எங்கள் பவளத்தை நகையாகப் போட்டால் சொரசொரவென்று கழுத்தைக் கீறிவிடும்.

கேள்வி: 2024இல் பவளம் வெளுத்துப்போனதாகச் செய்தி வந்தது. எல்லாம் செத்துவிட்டதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இல்லை. தண்ணீர் சூடானால் உள்ளே இருக்கும் பாசி வெளியேறிவிடும், அது கட்டிய கல் வீட்டின் வெள்ளை தெரியும். அது பட்டினி, உடனே மரணமில்லை. இங்கே 1998, 2010, 2016 ஆண்டுகளிலும் நடந்தது. 2024 ஜூலையில் பத்தில் நான்குக்கு மேல் வெளுத்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் நிறம் திரும்பின. அந்த ஆண்டு ஜூன் 14 அன்றுதான் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி எண்ணெய் வேறு கொட்டியது. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

செத்த இடத்தை நிரப்பப் புதுக் குஞ்சுகள் வர வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு யீஷூன் கோயிலில் காவடி பார்த்தவர்கள் அதே நிலவை வைத்து நாள் எண்ணிக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்தப் பௌர்ணமிக்குப் பின் மூன்றாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவுக்குள், பல இனப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் சேர்ந்த இளஞ்சிவப்பு உருண்டைகளை விடும். சில வருடம் நிலவு ஒரு மாதம் தள்ளிப்போகும், நாங்களும் தள்ளிப்போவோம். சிங்கப்பூரில் இதை முதலில் பதிவு செய்தது 2002இல்தான். ஜவ்வரிசியைக் கடலில் கொட்டித் தலைகீழாக்கினால் எப்படி மேலே ஏறுமோ, அப்படி இருக்கும்.

கேள்வி: முக்குளிக்கத் தெரியாது. படகுக்கும் செலவழிக்க மனமில்லை. எதையாவது பார்க்க முடியுமா?
– ஓய்வுபெற்றவர், தெம்பனீஸ்

பதில்: சாங்கி கடற்கரைக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். ஓத அட்டவணையில் நீர்மட்டம் 0.3 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளைத் தேடுங்கள். ஆண்டின் நடுவில் அது விடியலுக்கு முன் வரும், ஆண்டுக் கடைசியில் மாலையில் வரும். கைவிளக்கும் கணுக்கால் மூடிய காலணியும் கட்டாயம். கல்மீன் என்று ஒன்று கல் மாதிரியே கிடக்கும். மிதித்தால் அன்றைக்கு ஆஸ்பத்திரிதான். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள், அதற்கும் விஷக்கொடுக்கு உண்டு. கடல் அட்டை, கடற்சாமந்தி, நட்சத்திர மீன் எல்லாம் குனிந்து பார்த்தாலே தெரியும். கல்லைப் புரட்ட ஆசை வரும், வேண்டாம். யாராவது புரட்டிப் போட்டுவிட்டுப் போன கல்லைக் கண்டால் மட்டும் மெதுவாகப் பழையபடி கவிழ்த்து வைத்துவிடுங்கள். அடியில் இருந்தவை வெயில் வருமுன் திரும்பிவிடும்.