"இது நோயா சேர்?" என்று தரம் 10 பொடியன் கேட்டால்

ஒருபாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர் மீதே வரும் ஈர்ப்பு, நோய் இல்லை என்று வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. களுவாஞ்சிக்குடிப் பொடியனுக்கு அந்த ஒரு வரி போதும், பிரசங்கம் வேண்டாம்.

பெரும்பாலும் யாரோ யாரையோ கேலி செய்திருப்பார்கள். பருவமடைதல் பாடத்தில் நாமும் உடல் மாற்றத்தோடு நிறுத்திவிடுகிறோமே, பிள்ளைகள் வேறு எங்கே கேட்பது?

அடுத்த பாடவேளையில் பெயர் எழுதாமல் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் வாங்கிப் பாருங்கள். ஒரே பிள்ளையைக் குத்துகிற சீட்டுகள் வந்தால், பாடத்தை விட்டுக் கேலியை முதலில் நிறுத்துங்கள்.

ஒன்று: இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு இன்னும் இருக்கிறது. அது குற்றமாக்குவது ஒருபாலாரிடையேயான பாலியல் செயலை, பாடத்தை அல்ல. ஆனாலும் அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேட்ட பொடியனின் பெயரை மட்டும் அவரிடமும் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போய்விடும்.