ஓராண்டு முடியும் தறுவாயில்: வாசகர் கேள்வி – பதில்

பரிமாற்ற மாணவராக வெளிநாட்டில் ஓராண்டைக் கழித்துவிட்டு ஊர் திரும்பவிருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்கள் இம்முறை சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வந்து சேர்ந்திருப்பதால், இந்த இதழில் என் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மயிலாடுதுறையைச் சேர்ந்த நான், ஜெர்மனியில் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவியாக வேளாண் அறிவியல் படிக்கிறேன். செப்டம்பர் 30ஆம் தேதியோடு என் ஆண்டு முடிகிறது. இன்னும் எட்டு வாரங்கள்தான் இருக்கின்றன. உடன் வந்தவர்கள் பாரிஸ், பிராக், ரோம் என்று பயணச்சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எங்கும் போகத் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பவும் மனமில்லை. அப்படி நினைப்பதே அப்பா அம்மாவுக்குச் செய்யும் துரோகம்போல் உறுத்துகிறது. விடுதியில் என்னோடு ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்ட தோழிகள்கூட விலகிப்போய்விட்டதாகத் தெரிகிறது. மிச்ச நாள்களை எப்படிக் கழிப்பது?
— மாணவி, ஹாலே

பதில்: முதலில் தோழிகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நாள்காட்டியில்தான் இருக்கும். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவம் ஏட்டளவில் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை நீண்டாலும் வகுப்புகள் ஜூலையோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் உள்ளூர் மாணவர்கள் பெற்றோர் வீட்டுக்கோ, களப்பயிற்சிக்கோ, விடுமுறை வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். பூட்டிக் கிடக்கும் அறைக் கதவுகளைப் பார்த்துவிட்டு நட்பு முறிந்ததாக முடிவு கட்டிவிடாதீர்கள். அக்டோபரில் அவர்கள் திரும்பும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பது அவர்கள் மனதில் படாமலே போயிருக்கலாம். அங்கே யாரும் சொல்லாமல் வந்து நிற்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். ஆகவே இன்ன தேதியில், இத்தனை மணிக்கு, விடைபெறும் சாப்பாடு என்று இன்றே எழுதி அனுப்புங்கள். வருகிறேன் என்று சொன்னவர் இரண்டு மணி நேரம் ரயிலில் பயணம் செய்தாவது வந்து சேர்வார்.

திரும்ப மனமில்லை என்பதில் துரோகம் எதுவும் இல்லை. ஓர் ஊரில் பத்து மாதம் ரொட்டி வாங்கி, காய்ச்சலில் படுத்து, தபால்காரரோடு தப்பும் தவறுமாகப் பேசிப் பழகிய ஒருவருக்கு அந்த ஊரை விட்டுப் போக மனம் வராவிட்டால், அந்த ஓராண்டை அவர் உண்மையாகவே வாழ்ந்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சுற்றுலாவைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கறாரானது. 1993–94இல் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூரில் நானும் இப்படி ஓராண்டைக் கழித்தேன். கடைசி மூன்று வாரங்களில் ஏழு நகரங்களை ஓடி ஓடிப் பார்த்தேன். இன்றைக்கு அவற்றில் என் நினைவில் மிஞ்சியிருப்பவை ரயில் நிலையங்களின் பெட்டி வைக்கும் அறைகள்தாம். ஆனால் நான் குடியிருந்த வீட்டின் மாடிப்படி அப்படியே கண்முன் நிற்கிறது. அந்தப் பகுதியில் 'கேர்வோஹெ' என்றொரு வழக்கம் உண்டு: எந்த வாரம் எந்த வீட்டாரின் முறையோ அவர்கள் பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும், முறை வந்ததற்கு அடையாளமாகக் கதவின் கைப்பிடியில் ஒரு சிறிய பலகையைத் தொங்கவிடுவார்கள். வியாழக்கிழமை விமானம் ஏறப்போகிறேன் என்று கீழ்வீட்டு மூதாட்டியிடம் சொல்லியிருந்தும், திங்கள் காலையில் பலகை என் கதவில் தொங்கியது. ஆத்திரத்தோடு வாளியை எடுத்தேன். மூன்றாம் படிக்கு வருவதற்குள் ஆத்திரம் தணிந்துவிட்டது: வியாழன்வரை நான் அந்த வீட்டுக்காரிதானே, விருந்தாளி இல்லையே! முடித்தபின் அவர் வெளியே வந்து, மூலையில் ஒட்டியிருந்த ஒரு தூசியை விரலால் காட்டிவிட்டு உள்ளே போனார்.

எனவே பிராகுக்கு வேண்டுமானால் போய்வாருங்கள், லைப்சிக், டிரெஸ்டன் வழியாக ரயில் வசதி இருக்கிறது. மற்ற நாள்களை ஹாலேக்கே கொடுங்கள். அதிலும் நீங்கள் மயிலாடுதுறைக்காரர். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியிலிருந்து 1714இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவோடு கப்பலேறி ஐரோப்பா வந்தவர் மாலையப்பன் என்னும் இளைஞர். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அச்சானது நீங்கள் இருக்கும் அதே ஹாலேயில்தான். அந்த ஆண்டே இருவரும் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். கடைத்தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய பிராங்கே அறநிலையத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. உங்களுக்கு முன்னால் அந்த ஊரில் இருந்துவிட்டுத் திரும்பிய நம்மூர்க்காரர் மாலையப்பன், அந்தச் சுவடிகளைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகனும் ஜெர்மனியில் பரிமாற்ற மாணவன்தான், அடுத்த மாதம் திரும்புகிறான். எதையும் கடைசி நிமிடத்தில் செய்பவன். கிளம்புவதற்கு முன் அவன் முடிக்க வேண்டிய வேலைகள் என்னென்ன? போன வாரம் ஒரு தேர்வில் 1.7 வாங்கியதாகச் சொன்னான். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.
— தந்தை, கோயம்புத்தூர்

பதில்: நன்றாகத் தூங்குங்கள். அங்கே 1.0 என்பதுதான் உச்ச மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. 1.7 வாங்கிய பிள்ளைக்கு நீங்கள் பாயசம் வைக்க வேண்டும்.

அங்கே குடியேறும்போது நகராட்சியில் பதிவு செய்ததுபோலவே, வெளியேறும்போது 'அப்மெல்டுங்' என்னும் பதிவு நீக்கத்தையும் செய்தாக வேண்டும். வீட்டைக் காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்புவரை அதற்குக் கால அவகாசம் உண்டு. அப்போது கிடைக்கும் சான்றுத்தாள் சாதாரணமாகத் தெரியும், ஆனால் மற்றக் கதவுகளையெல்லாம் மூடுவதற்கு அதுதான் சாவி: மருத்துவக் காப்பீட்டை நிறுத்த, கைபேசி ஒப்பந்தத்தை முறிக்க, ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வசூலிக்கப்படும் ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்த எல்லாவற்றுக்கும் அதன் நகலைக் கேட்பார்கள். தொலைக்காட்சியே என்னிடம் இல்லை என்ற வாதம் அந்தக் கட்டணத்தில் எடுபடாது. மாதாந்திர ரயில் சீட்டு சந்தாவாக இருந்தால், அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடிப்பார்கள்.

வங்கிக் கணக்கில்தான் நான் ஏமாந்தேன். பொறுப்பான பிள்ளையாகக் கிளம்புவதற்கு முதல் நாளே கணக்கை முடித்துவிட்டேன். வீட்டுக்காரரோ முன்பணத்தை உடனே தரவில்லை. தண்ணீர், வெப்பமூட்டும் செலவெல்லாம் கணக்குப் பார்த்த பிறகே மிச்சத்தைத் திருப்புவது அங்கே வழக்கம். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகும். பணம் வந்தபோது அதை வாங்கிக்கொள்ளக் கணக்கு இல்லை. நான்கு கடிதங்கள் எழுதினேன், பாதிப் பணம்தான் கைக்கு வந்தது. ஆகவே முன்பணம் வந்து சேரும்வரை உங்கள் மகன் கணக்கை மூடவே கூடாது. அறையை ஒப்படைக்கும் அன்று சுவர், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு, ஒப்படைப்புத் தாளில் எதிர்த்தரப்பின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளட்டும்.

மதிப்பெண் பட்டியல் பெரும்பாலும் மாணவர் ஊருக்கு வந்தபிறகே தயாராகும். முத்திரையிட்ட ஆங்கிலப் பிரதி எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதைப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். முழு ஆண்டுக்கு 60 பாடப் புள்ளிகள் (கிரெடிட்) என்பது ஐரோப்பியக் கணக்கு. அவற்றில் எத்தனையை இங்குள்ள கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்பதைப் போவதற்கு முன்பு கையெழுத்தான ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பாடத்தை இடையில் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்துக்கும் இரு தரப்பின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

கேள்வி: என் மகள் பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், அமெரிக்க அரசின் செலவில், ஓராண்டுக்கு அங்கே போயிருக்கிறாள். ஜூனில் திரும்புகிறாள். தங்கியிருக்கும் வீட்டு அம்மாளை 'மாம்' என்றே அழைக்கிறாள். போனில் பேசும்போது 'நம்ம வீட்டில்' என்று அவள் சொல்வது எந்த வீட்டை என்றே எனக்குப் புரிவதில்லை. கல்லூரிப் படிப்புக்கு மறுபடி அங்கே போக முடியுமா என்று வேறு கேட்கிறாள்.
— ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மாவின் அக்காவைப் பெரியம்மா என்றும் தங்கையைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். உங்கள் மகளுக்கு அங்கே ஒரு சின்னம்மா கிடைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் அந்த அம்மாளோடு நீங்களே ஒருமுறை காணொளியில் பேசி நன்றி சொல்லுங்கள். மொழி தடுமாறினால் மகளே மொழிபெயர்க்கட்டும். இரண்டு வீட்டையும் 'நம்ம வீடு' என்று சொல்ல அவளுக்கு அதன்பின் கூச்சம் இருக்காது.

திரும்பி வந்தபின் ஓரிரு மாதம் அவள் எரிந்து விழக்கூடும். அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டு அறிஞர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர், அயல்நாட்டில் மனநிலை முதலில் உயர்ந்து, பின் தாழ்ந்து, மறுபடி உயர்வதை 1955இல் எழுதினார். 1963இல் கல்லஹார்ன் தம்பதியர், ஊர் திரும்பியபின் அதே ஏற்ற இறக்கம் இன்னொரு முறை நிகழ்கிறது என்று அதை நீட்டிக் காட்டினார்கள். போகும்போது சிரமம் இருக்கும் என்று எல்லாரும் எச்சரிக்கிறார்கள். சொந்த ஊருக்கு வருகிறவளுக்கு என்ன சிரமம் என்று யாரும் யோசிப்பதில்லை. அவளுடைய உச்சரிப்பை உறவினர்கள் கேலி செய்தால் முதல் நாளே தடுத்துவிடுங்கள். அவளோடு படித்தவர்கள் இதற்குள் ஒரு வகுப்பு மேலே போயிருப்பார்கள் என்பதும் அவளுக்கு உறுத்தும். பள்ளிச் சேர்க்கையைப் பற்றி அவள் வருமுன்பே தலைமையாசிரியரிடம் பேசி வையுங்கள்.

கல்லூரி பற்றி: அரசு நிதியில் ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் போனவர்கள், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகே எச்-1பி போன்ற வேலை விசாவையோ அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையையோ பெற முடியும். படிப்பதற்கான எஃப்-1 விசாவுக்கு இங்கிருந்து விண்ணப்பிக்க அந்த விதி தடையில்லை. ஆனால் விதி நீங்கிவிடாது. படிப்பு முடிந்து வேலை தேடும்போது எதிரே வந்து நிற்கும். இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: போகும்போது கொண்டுபோன பிரஷர் குக்கரைத் திருப்பிக் கொண்டுவருவதா, அங்கேயே விட்டுவிடுவதா?
— ஆராய்ச்சி மாணவர், பெர்லின்

பதில்: 23 கிலோவில் மூன்று கிலோவைக் குக்கருக்குக் கொடுப்பது வீண். அடுத்து வரும் நம்மூர் மாணவருக்கு விட்டுவிட்டு வாருங்கள். அந்த அடுப்பில் அரிசிக்கு எத்தனை விசில், பருப்புக்கு எத்தனை விசில் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு மூடுங்கள். கேஸ்கட் தளர்ந்திருந்தால், வரும்போது புதிது ஒன்று வாங்கிவரும்படி அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.