வீட்டுக்கடன் நோட்டீஸ் வந்துருச்சு, 38 நாள் மிச்சம் இருக்கு, யார்கிட்ட போறது?

பள்ளத்தூர் பக்கத்துலேருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் ஆத்தங்குடி கல்லு போடுற பட்டறை வச்சிருக்கார், இடுப்புல அடிபட்டு படுத்ததுல 5 மாசமா வீட்டுக்கடன் தவணை கட்டல, மாசம் 13,500 ரூபா. பேங்க்லேருந்து ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கு, 60 நாளைக்குள்ள 12 லட்சத்து 40 ஆயிரம் கட்டணும்னு. அவரு அத சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சுட்டாரு, தூசி தட்டப் போனப்பதான் இவங்க கண்ணுல பட்டிருக்கு, அதுக்குள்ள 22 நாள் ஓடிப்போச்சு. வீட்ட ஏலம் விட்ருவாங்களா, யாரப் பாக்கணும்னு கேக்குறாங்க.

அம்மா, மொதல்ல மனசத் திடப்படுத்திக்கங்க, நாளைக்கே யாரும் வந்து பூட்டு போட முடியாது. உங்களுக்கு வந்திருக்கறது 2002ம் வருச சர்பாசி சட்டத்துல, அதாவது கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்த எடுத்து விக்க பேங்க்குக்கு வழி குடுக்கற சட்டத்துல, 13(2) பிரிவு நோட்டீஸ். 90 நாளுக்கு மேல தவணை நின்னா கணக்க வாராக்கடன்ல சேத்துருவாங்க, அதுக்கப்பறம் வர்ற மொத தபால் இது. ஆனா 60 நாள்ங்கறது நோட்டீஸ்ல போட்ட தேதிலேருந்து ஓடும், நீங்க பாத்த நாள்லேருந்து இல்ல.

அந்த 12 லட்சத்தப் பாத்துதான ராத்திரி தூக்கம் போச்சு? நீங்க இப்ப தேட வேண்டிய காசு அது இல்லம்மா. 5 தவணை 67,500, அதோட அபராதம், நோட்டீஸ் செலவு. நிலுவை மொத்தத்தையும் ஒரு பைசா பாக்கி இல்லாம கட்டினா கணக்க வாராக்கடன்லேருந்து வெளிய எடுக்க ரிசர்வ் பேங்க் விதிலயே வழி இருக்கு, மேனேஜர் ஒத்துக்கிட்டா பழையபடி மாசத் தவணை ஓடும். ஒரு தவணை ரெண்டு தவணை மட்டும் கட்டினா கணக்கு மாறாது, கட்டின காசு வட்டில போய் விழுந்துரும், அத நெறைய பேர் தெரியாம பண்ணி ஏமாந்து போறாங்க. அதனால நேரா பிராஞ்சுக்குப் போய் "நிலுவை எவ்வளவு, எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க. பட்டறை திரும்ப ஓட ஆரம்பிச்சிருந்தா கையில இருக்க நகைய பேங்க்லயே அடகு வச்சு கட்றது எனக்கு சரியாப் படுது. மீட்டர் வட்டிக்காரன்கிட்ட மட்டும் போயிடாதீங்க, அது 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டு தடை பண்ணினது, வீட்டக் காப்பாத்தப் போயி அந்த வட்டிக்கே வீட்ட வித்தவங்கள என் கண்ணால பாத்திருக்கேன்.

கூடவே ஒரு கடிதம் குடுங்க. அடிபட்டது, வைத்தியச் செலவு, எந்தத் தேதிக்குள்ள எவ்வளவு கட்டுவீங்க, நோட்டீஸ்ல கணக்கு தப்பா இருந்தா அதுவும், எல்லாத்தையும் எழுதி, ஆஸ்பத்திரி சீட்டு ஜெராக்ஸ் வச்சு, குடுத்ததுக்கு சீல் போட்டு ஒரு காப்பி வாங்கிக்கங்க. பேங்க் அத ஏத்துக்கலன்னா 15 நாளைக்குள்ள காரணத்தோட பதில் சொல்லியாகணும்னு சட்டத்துலயே இருக்கு. வாயால சொல்லிட்டு வந்தா ஒண்ணுக்கும் ஆகாது.

உங்க கொழுந்தனார் "பூர்வீக வீடு, நான் கையெழுத்தே போடல, பேங்க்காரன் என்ன பண்ணிருவான்"னு சொன்னதா எழுதியிருக்கீங்க. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் ஒரே வளவுக்கு பத்து பங்கு இருக்கும், அதனால இந்தப் பேச்ச நெறைய கேக்குறேன். அவர் பங்க அடமானம் வைக்காம விட்டிருந்தா அவர் தன் பங்குக்கு ஆட்சேபணை பண்ணலாம், வாஸ்தவம்தான். ஆனா உங்க வீட்டுக்காரர் பங்கும் கடனும் அப்படியேதான் இருக்கும், அத நம்பி சும்மா உக்காந்துறாதீங்க.

60 நாள் தாண்டிட்டா, வீட்ட பேங்க் தன் வசம் எடுத்துக்கிச்சுன்னு கதவுல சுவாதீன நோட்டீஸ் ஒட்டுவாங்க, ரெண்டு பேப்பர்லயும் போடுவாங்க. அதுலேருந்து 45 நாளைக்குள்ள மதுரைல இருக்க கடன் வசூல் தீர்ப்பாயத்துல மனு போடலாம், சிவகங்கை மாவட்டத்துக்கு அதுதான். இப்பவே கோர்ட்டுக்கு ஓடி பிரயோஜனம் இல்ல, சிவில் கோர்ட் இதுல தலையிடாது. ஏல அறிவிப்பு வெளியாகறதுக்கு முந்தி பாக்கி மொத்தத்தையும் செலவோட கட்டினா வீட்ட மீட்டுக்கலாம், அறிவிப்பு வந்துட்டா அந்த உரிமை போயிடும், 2016ல சட்டத்த அப்படி மாத்திட்டாங்க.

எந்த வழியும் இல்ல, விக்கத்தான் வேணும்னா பேங்க்கோட எழுத்து அனுமதி வாங்கிட்டு நீங்களே வில்லுங்க, ஏலத்த விட நல்ல வெல கிடைக்கும், கடன் போக மிச்சம் உங்களுக்குத்தான். நோட்டீஸ் வந்தப்பறம் அனுமதி இல்லாம விக்கக்கூடாது, அதனால எந்த புரோக்கர் அக்ரிமென்ட்டுன்னு வெத்துப் பேப்பர நீட்டினாலும் கையெழுத்து போடாதீங்க.

வக்கீலுக்குக் காசு இல்லன்னு கவலப்படாதீங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, கடன் பத்திரத்துல நீங்களும் கையெழுத்து போட்டிருந்தா உங்க பேர்லயே கேளுங்க. சிவகங்கை கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கு போன் போட்டாலும் வழி சொல்வாங்க. வசூலுக்கு வர்றவங்க காலைல 8 மணிக்கு முந்தியோ சாயங்காலம் 7 மணிக்கு மேலயோ போன் பண்ணி மிரட்டினா தேதி, நேரம் குறிச்சு பேங்க்குக்கு புகார் எழுதுங்க, 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளர்கிட்ட காசில்லாம போகலாம்.

திங்கக்கிழமை காலைலயே நோட்டீஸ், பாஸ்புக், ஆஸ்பத்திரி சீட்டு எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமாப் போங்க. வீட்டுக்காரர் கூச்சப்பட்டா நீங்க பேசுங்கம்மா, அவர் பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்.