டொங்காரிரோ எரிமலைப் பூங்கா: நடையும் பனிச்சறுக்கும் ஒரே பயணத்தில்

கேள்வி: கணவருடனும் பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளுடனும் மே விடுமுறையில் நியூசிலாந்து செல்ல எண்ணியிருக்கிறேன். டொங்காரிரோ தேசியப் பூங்காவில் நான்கு நாள் தங்கி, எரிமலைகளைக் குறுக்காகக் கடக்கும் புகழ்பெற்ற நடைப்பயணத்தையும், ருவாபெஹு மலையில் பனிச்சறுக்கையும் முடித்துவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மே மாதத்தில் சென்றால் இரண்டுமே கைகூடாமல் போகக்கூடும். நீங்கள் சொல்லும் டொங்காரிரோ ஆல்பைன் கிராசிங்கின் நடைப்பருவம் அக்டோபர் இறுதியில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடுகிறது. சறுக்குத் தளங்களோ ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ திறக்கப்பட்டு, பனி நிற்பதைப் பொறுத்து அக்டோபர் வரை இயங்குகின்றன. மே இவற்றுக்கு நடுவே விழும் மாதம்.

ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டுமென்றால், பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையில், அதாவது செப்டம்பர் இறுதியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் செல்லுங்கள். அப்போது 2,797 மீட்டர் உயரமுள்ள ருவாபெஹுவின் மேற்சரிவுகளில் நல்ல பனி இருக்கும்; கீழே ஃபாக்காபாப்பா கிராமத்திலிருந்து 20 மீட்டர் உயரமுள்ள டரனாக்கி அருவிக்குச் சென்று திரும்பும் 6 கிலோமீட்டர் வட்டப்பாதையில், பெரும்பாலும் சாதாரண நடைக்காலணியோடே இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடலாம். வானிலை ஒத்துழைத்தால் டாமா ஏரிகள் வரை, போகவர 17 கிலோமீட்டர், முழு நாள் நடை. ஆனால் ஆல்பைன் கிராசிங் அந்நாட்களிலும் குளிர்கால நிலையிலேயே இருக்கும் என்பதால், பனிக்கோடரியும் காலணியில் பூட்டும் இரும்பு முட்களும் தந்து அழைத்துச் செல்லும் வழிகாட்டியோடு அன்றி அதில் கால் வைக்க வேண்டாம். நியூசிலாந்துப் பள்ளிகளுக்கும் ஏறத்தாழ அதே சமயத்தில் விடுமுறை வருவதால், விமானச்சீட்டுக்கு முன்பே அறையை உறுதி செய்துகொள்வது நல்லது.

கேள்வி: நாங்கள் குடும்பத்தோடு வெள்ளியங்கிரி ஏறியவர்கள். ஆல்பைன் கிராசிங்கிற்கு அந்தப் பழக்கம் போதாதா?

பதில்: கால்களுக்குப் போதும். மங்காடெபோபோவில் தொடங்கி கெடெடாஹியில் முடியும் இப்பாதை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுடையது. கோடையில் ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். சோதனை 1,886 மீட்டரில் உள்ள ரெட் கிரேட்டர் முகட்டில்தான் இருக்கிறது: அடிவாரத்தில் சட்டையோடு நடந்தவர்களை அங்கே காற்று நிற்கவிடாது, அதைத் தாண்டியதும் மரகத ஏரிகளை நோக்கி இறங்கும் சரிவு முழுவதும் உதிரிச் சரளை, குதிகாலை அழுத்தி ஊன்றினாலும் ஒவ்வோர் அடிக்கும் அரையடி வழுக்கிச் செல்லும். பாறை இடுக்குகளிலிருந்து கந்தக நெடியோடு ஆவி வருவதையும் அங்கே காணலாம். வழியில் குடிநீரை எதிர்பார்க்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சுமந்து செல்லுங்கள். பாதை ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிவதோடு, நடைப்பருவத்தில் மங்காடெபோபோவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காரை நிறுத்தவும் முடியாது என்பதால், சிற்றுந்துச் சேவையை முன்பதிவு செய்தே ஆகவேண்டும்.

டூவாரெடோவா மாவோரி மக்களின் தலைவர் ஹொரோனுகு 1887-இல் இச்சிகரங்களை அரசிடம் ஒப்படைத்ததிலிருந்து உருவான பூங்கா இது. யுனெஸ்கோ 1990-இல் இயற்கைக்காகவும் 1993-இல் பண்பாட்டுக்காகவும் இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சிகரங்கள் அம்மக்களுக்குப் புனிதமானவை. பாதையை ஒட்டிய நவுருஹோய் எரிமலையின் உச்சிக்கு ஏற வேண்டாம், ஏரிநீரைத் தொட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதை, கோயில் மலைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: எரிமலை வெடித்தால் என்ன செய்வது?

பதில்: நியாயமான அச்சம்தான். 2007 செப்டம்பர் 25 அன்று இரவு, முன்னறிகுறி ஏதுமின்றி ருவாபெஹு வெடித்தது. உச்சியிலுள்ள பள்ளத்து ஏரியின் நீர் பனியோடும் சாம்பலோடும் கலந்து, லஹார் எனப்படும் சேற்று வெள்ளமாக இறங்கிச் சறுக்குத் தளத்தின் ஒரு பகுதிக்குள்ளும் பாய்ந்தது. 2012 ஆகஸ்டில் டொங்காரிரோ மலையிலுள்ள டெ மாரி எரிமலைவாய் வெடித்தபோது, தெறித்த பாறைகள் ஆல்பைன் கிராசிங் பாதையிலுள்ள கெடெடாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. நல்ல வேளையாக உள்ளே எவரும் இல்லை. ஆகவே புறப்படும் நாள் காலையில் நியூசிலாந்தின் எரிமலை, நிலநடுக்கக் கண்காணிப்பு அமைப்பான ஜியோநெட் வெளியிடும் 0 முதல் 5 வரையிலான எரிமலை எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிடுங்கள். சறுக்குத் தளத்தில் அபாயச் சங்கு ஒலித்தால் கீழ்நோக்கி ஓடுவது தவறு. சேறு பள்ளங்களின் வழியேதான் வரும் என்பதால், பள்ளத்தை விட்டு விலகிப் பக்கத்து மேட்டின்மீது ஏறி நிற்க வேண்டும்.

கேள்வி: பனியையே பார்த்திராதவர்கள் சறுக்க முடியுமா? எந்தத் தளம் ஏற்றது?

பதில்: முடியும். ருவாபெஹுவின் ஃபாக்காபாப்பா சறுக்குத் தளத்தில் ஹேப்பி வேலி என்று தொடக்கநிலையினருக்கெனத் தனிப்பகுதியே உண்டு. உபகரணங்கள் வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாள் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள், பிள்ளைகள் மாலைக்குள் உங்களை முந்திவிடுவார்கள். தென்மேற்குச் சரிவிலுள்ள மற்றொரு தளமான டூரோவாவுக்கு ஒஹாகுனே ஊரிலிருந்து செல்ல வேண்டும். இரண்டு தளங்களும் இப்போது வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருப்பதால், எதற்குச் சீட்டு வாங்குகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். காற்று வலுத்தால் விசைத்தூக்கிகள் நின்றுவிடும். நான்கு நாளில் இரண்டு நாள் சறுக்கக் கிடைத்தாலே நல்ல யோகம் என்பேன். வாடகைக் காரில் மலைச்சாலை ஏறுவதானால் சக்கரத்துக்குப் பனிச்சங்கிலியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விசா, உணவு பற்றி?

பதில்: இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே பார்வையாளர் விசா பெற வேண்டும். பருப்புப்பொடி, ஊறுகாய் உட்பட எல்லா உணவையும், நீங்கள் பயன்படுத்திய மலைக்காலணிகளையும் நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்; சொல்லாமல் கொண்டுசென்றால் அங்கேயே அபராதம் விதிப்பார்கள். காலணியின் அடியில் ஒட்டிய வெள்ளியங்கிரி மண்ணை வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள்.