பேராயர் வேலையின்மையைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: இறையியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். லிவர்பூல் பேராயராக இருந்த டேவிட் ஷெப்பர்டைப் போல, வேலையின்மை, வீட்டுவசதி முதலான அரசுக் கொள்கைகளைப் பற்றிப் பேசும் ஊழியத்திலேயே என் மனம் நாடுகிறது. அது அழைப்பை விட்டு அரசியலுக்குள் போவது என்கிறார் என் தகப்பனார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, உங்கள் தகப்பனாரின் தயக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், ஷெப்பர்டின் காலத்திலும் இங்கிலாந்தில் பலருக்கு அது இருந்தது. ஆனால் அவர் எங்கிருந்து பேசத் தொடங்கினார் என்பதைத் தெரிந்துகொண்டால், உங்கள் இருவருக்குமே தெளிவு பிறக்கும் என்று நம்புகிறேன்.

1929இல் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, இங்கிலாந்துக்காக 22 டெஸ்ட் போட்டிகளில் ஆடியவர் அவர்; 1952இல் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 119 ஓட்டங்கள் எடுத்தார். 1955இல் குருப்பட்டம் பெற்ற அவருக்கு வசதியான சபை ஒன்று கிடைப்பது கடினமாக இருந்திருக்காது. அவரோ 1958இல் கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதியான கேனிங் டவுனில், மேஃப்ளவர் குடும்ப மையம் என்னும் கிறிஸ்தவ சமூகப்பணி மையத்தின் பொறுப்பை ஏற்று, மனைவி கிரேஸுடன் 1969 வரை அங்கே பணியாற்றினார். தொழிலாளர் குடும்பங்கள் இங்கிலாந்துத் திருச்சபையைத் தங்களுடையதாக ஏன் எண்ணவில்லை என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான். பேராயரான பின் அவர் சொன்னவற்றுக்கெல்லாம் இந்தப் பதினோரு ஆண்டுகளே வேர் என்பது என் உறுதியான எண்ணம்.

மனச்சாட்சிக்காக இழக்கவும் அவர் துணிந்திருந்தார். நிறவெறியை எதிர்த்து, 1960இல் தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக ஆட மறுத்தார்.

வுல்விச் பேராயராக இருந்துவிட்டு 1975இல் அவர் லிவர்பூலுக்கு வந்தபோது, துறைமுகம் தேய்ந்து, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வந்தன. 1981 ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் வெடித்தது. புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கப் பகை தலைமுறைகளாக வேரோடியிருந்த அந்த நகரத்தில், கத்தோலிக்கப் பேராயர் டெரெக் வோர்லாக்கும் அவரும் நகரத்துக்காக ஒரே குரலில் பேசினார்கள். கொள்கை அறிக்கைகளைவிட இந்த நட்பே அவருடைய ஊழியத்தின் அரிய கனி என்று நான் கருதுகிறேன்.

இனி உங்கள் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். கேன்டர்பரி பிரதமப் பேராயர் ராபர்ட் ரன்சி அமைத்த குழு ஒன்று, ஷெப்பர்டைத் துணைத் தலைவராகக் கொண்டு நலிந்த நகர்ப்புறப் பகுதிகளை ஆராய்ந்து, 1985இல் ‘நகரத்தில் விசுவாசம்’ என்னும் அறிக்கையை வெளியிட்டது. அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சருடைய அரசின் தரப்பிலிருந்து அதை மார்க்சியம் என்று சாடினார்கள். ஆனால் அதிலிருந்த 61 பரிந்துரைகளில் 38 திருச்சபைக்கே உரியவை. அரசையும் நாட்டையும் நோக்கியவை 23 மட்டுமே. பிறரைக் கேட்பதற்கு முன் தன்னையே கணக்குக் கேட்டுக்கொண்ட ஓர் அறிக்கையை வெறும் கட்சி அரசியல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. ஏழை நகர்ப்புறங்களில் பணியாற்றுவோருக்கு உதவும் திருச்சபை நிதியமும் அதன் விளைவாகவே உருவானது.

1997இல் ஓய்வு பெற்ற அவர், அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சியின் பக்கம் அமர்ந்தார். கட்சி சார்ந்த இருக்கையை அவர் ஏற்றது பேராயர் பொறுப்பை விட்ட பிறகே என்பதையும் உங்கள் தகப்பனாரிடம் சொல்லுங்கள்.

ஆகவே, படிப்பு முடிந்ததும் கூலித் தொழிலாளர் வாழும் பகுதியிலுள்ள சபை ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள், அங்கேயே குடியிருங்கள். சில ஆண்டுகள் அவர்களுடைய வாடகையையும் வேலையையும் கடனையும் அருகிலிருந்து அறிந்த பிறகு, அரசுக்கு எழுதும் முதல் கடிதத்துக்கு முன்பாக, உங்கள் திருமண்டலத்தின் நிலங்களும் பள்ளிகளும் அந்த மக்களுக்கு எவ்வளவு பயன்படுகின்றன என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கை எழுத உங்கள் தகப்பனாரையே துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.