பஸ் இன்னும் கிளம்பவில்லை

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 22 வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஏழு மாதமாக சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் ஸ்பீட்ரன் செய்கிறேன், அதாவது ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியும் என்று ஓடிப் பார்க்கிறேன். எனி பர்சென்ட் பிரிவு. என்ன செய்தாவது சீக்கிரம் முடித்தால் போதும் என்கிற பிரிவு அது. முன்னணியில் இருப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்து ரூட்டை அப்படியே மனப்பாடம் செய்தேன். 5 நிமிடம் 9 விநாடி வரை வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதமாக ஒரு விநாடிகூடக் குறையவில்லை. முதல் உலகத்தின் முதல் லெவலான 1-1-இல் சின்னத் தடுமாற்றம் வந்தாலே ரீசெட் அடித்து முதலிலிருந்து தொடங்கிவிடுகிறேன். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது ஆகிவிடும். தப்பித்தவறி 8-3 வரை போய்விட்டால் கை நடுங்குகிறது.

அடுத்தவர் போட்ட ரூட்டில் ஓடுவதில் என் பங்கு என்ன? கிளிச், அதாவது ஆட்டத்தின் நிரலில் இருக்கும் பிழையைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலையா? எந்தக் கன்ட்ரோலர் நல்லது? வீட்டில் இதை வெட்டிவேலை என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

வழக்கமாகக் கடிதங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பதில் எழுதுவேன். உங்களுடையதைப் படித்த அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் ஊருக்குப் போனபோது கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 1990களின் நடுவில் அது வீடியோ கேம் கடை. அதைப் பற்றி எழுதலாமா, யாருக்கு இதெல்லாம் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சில்லறைகளை முடித்துவிடுகிறேன். வேலை தேடுகிற பையன் ஒரே லெவலை ஒரு நாளைக்கு இருநூறு தடவை ரீசெட் அடித்தால் எந்த வீட்டிலும் வெட்டிவேலை என்றுதான் சொல்வார்கள். நான் உங்கள் அப்பாவாக இருந்தால் நானும் சொல்வேன். கிளிச்? விதியை மீறினால்தான் ஏமாற்று. உங்கள் பிரிவின் விதி கிளிச்சை அனுமதிக்கிறது. மனசு உறுத்தினால் கிளிச் இல்லாமல் ஓடுங்கள், பல ஆட்டங்களுக்கு அப்படியும் பிரிவு வைத்திருக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரூட்டை மனப்பாடம் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை மனப்பாடம் செய்தீர்கள்? எங்கே குதிக்க வேண்டும், எந்தக் குழாயில் இறங்க வேண்டும், எந்த ஆமையை மிதிக்கக் கூடாது. அவ்வளவுதானே? ஏன் அங்கே குதிக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்தின் ஒரே ஒரு வரி காட்டிக்கொடுத்துவிட்டது. "சின்னத் தடுமாற்றம் வந்தாலே ரீசெட்." இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியாது.

இந்த ஆட்டத்தை ஓடுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் பஸ் கணக்கு ஒன்று உண்டு. திரையில் விநாடிக்குச் சுமார் 60 ஃபிரேம், அதாவது 60 படம் ஓடுகிறது. ஒரு லெவலை முடித்ததும் ஆட்டம் உங்களை அடுத்த லெவலுக்கு உடனே அனுப்பிவிடுவதில்லை. 21 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் கதவைத் திறக்கிறது. 21 ஃபிரேமுக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 0.35 விநாடி. ஸ்டாண்டுக்கு இருபது ஃபிரேம் முன்னால் வந்தவரும் ஓடிவந்து கடைசி ஃபிரேமில் தொற்றிக்கொண்டவரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். முன்னால் வந்தவருக்கு ஒரு பைசா லாபமில்லை. கடைசி லெவலான 8-4-க்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அங்கே முடிவில் இருக்கும் கோடரியைத் தொட்ட கணத்தில் கடிகாரம் நின்றுவிடும்.

இப்போது உங்கள் ரீசெட்டுக்கு வருவோம். 1-1-இல் ஒரு குழாயில் இடித்து நான்கு ஃபிரேம் போய்விட்டது. பதறிப்போய் பட்டனை அழுத்துகிறீர்கள். அந்த நான்கு ஃபிரேமால் உங்கள் பஸ் போய்விட்டதா என்று பார்த்தீர்களா? பல சமயம் அது ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருக்கும், நீங்கள்தான் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பீர்கள். சரி, போயே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். போனது ஒரு பஸ். 2021-இல் நிஃப்ட்ஸ்கி என்பவர் முதன்முதலாக 4 நிமிடம் 55 விநாடிக்குக் கீழே இறங்கினார். ஆட்டம் வெளிவந்தது 1985-இல். அவருக்கும் உங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 14 விநாடி. பஸ் கணக்கில் சுமார் நாற்பது. நாற்பது பஸ்ஸை எங்கேயோ கோட்டைவிட்டுக்கொண்டிருக்கும் ஆள், முதல் ஸ்டாப்பிலேயே ஒரு பஸ்ஸுக்காகத் தலையில் அடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

இதை இன்னும் கொஞ்சம் இழுக்கத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இருநூறு என்றால் மூன்று மாதத்தில் 1-1-ஐ பதினெட்டாயிரம் தடவை ஆடியிருக்கிறீர்கள். 8-4-ஐ எத்தனை தடவை? நானே சொல்கிறேன், ஐம்பதைத் தாண்டியிருக்காது. அதனால்தான் 8-3-இல் சுத்தியல் எறிகிறவர்களைப் பார்த்ததும் கை நடுங்குகிறது. கை நடுங்குவதற்கு நீங்கள் பயந்த சுபாவம் என்று காரணம் தேடாதீர்கள். அந்த இடத்துக்கு நீங்கள் விருந்தாளி, அவ்வளவுதான். உங்களை யார் முதல் லெவலிலிருந்து பழகச் சொன்னது? கடைசி லெவலிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பழைய ஆட்டத்தைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் 8-4-இன் வாசலில் ஒரு சேவ் ஸ்டேட் போட்டு அந்தக் கணத்தை அப்படியே சேமித்துவைத்து, அங்கிருந்தே ஒரு வாரம் ஆடுங்கள். பிறகு 8-3. ரீசெட் பட்டன்மேல் ஒரு மாதத்துக்கு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். எவ்வளவு கேவலமாகப் போனாலும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

சரி, ஏன் என்கிற கேள்விக்குத் திரும்புவோம். மரியோவை விட்டுவிட்டு, பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் போக்கிமான் ரெட் என்ற ஆட்டத்தை ஓடுகிறவர்களைப் பாருங்கள், கிளிச் இல்லாத பிரிவில். விரிடியன் நகருக்கு மேற்கே போய்ப் புல்லில் நிடோரான் என்கிற பிராணியில் ஓர் ஆணைத் தேடிப் பிடிக்கிறார்கள். பார்ப்பவருக்குத் தண்ட நேரமாகத் தெரியும். அப்புறம் அதை வளர்த்து நிடோகிங் ஆக்கி, ராக்கெட் கும்பலின் மறைவிடத்தில் கிடக்கும் ஹார்ன் டிரில் வித்தையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எதிரியை ஒரே அடியில் வீழ்த்தும் வித்தை, ஆனால் நூற்றுக்கு முப்பது தடவைதான் படும். அதனால் செலடன் நகரத்துப் பெரிய கடைக்குப் போய் எக்ஸ் அக்யூரசி என்கிற மருந்தை மூட்டையாக வாங்குகிறார்கள். அந்தத் தலைமுறை ஆட்டத்தில் அதைக் கொடுத்துவிட்டால் அடி தவறவே தவறாது. ஒரு நிபந்தனை உண்டு, எதிரி நம்மைவிட வேகமானவனாக இருந்தால் வித்தை பலிக்காது. ஆகவே வேகத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்துக்குக் காசு வேண்டும். காசுக்காக வழியில் யாருடன் சண்டை போடுவது, யாரைச் சுற்றிக்கொண்டு போவது என்று கணக்கு. கடையில் ஒரு மருந்து குறைத்து வாங்கினால் கடைசியில் வரும் நான்கு பெரிய எதிரிகளிடம் மாட்டிக்கொள்வீர்கள். கூடுதலாக வாங்கினால் அந்தக் காசுக்குச் சண்டை போட்ட நேரம் வீண். வேகமாக முடிப்பதற்காகக் கடைத்தெருவில் நின்று சாமான் வாங்குகிறவர்கள் இவர்கள். இதை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மருந்து கைதவறிப் போனால் ஆட்டமே முடிந்தது. காரணம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே வேறு கணக்குப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

உங்கள் 4-2-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு குழாயில் இறங்குகிறீர்கள். நியாயமாக அது காசு அறைக்குப் போக வேண்டும், ஆனால் நடுவிலுள்ள உலகங்களைத் தாண்டி எட்டாம் உலகத்துக்குப் போகும் குறுக்குவழியான வார்ப் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. ஏன்? குழாய் எங்கே போகும் என்பதை, திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆட்டம் முடிவு செய்கிறது. கட்டிகளில் சரியான விதத்தில் இடித்து, திரையில் மரியோ வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து சில பிக்சல் வலப்பக்கம் தள்ளிவிடுகிறோம். மரியோ குழாய்க்கு வந்துவிட்டார், திரை பின்தங்கிவிட்டது. ஆட்டத்தின் கையில் அதற்கு முந்தைய விலாசம்தான் இருக்கிறது. அதற்கு முந்தையது என்ன? அந்த வாசலுக்கு ஏறிப் போகும் ஒரு செடிக்கொடி.

அந்தக் கொடியைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

ஊர்க் கடையில் அரைமணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். ஓனர் சிலேட்டில் சாக்பீஸால் நேரம் எழுதிவைப்பார். மணி ஆனதும் பேச்சே கிடையாது, சுவிட்சை அணைத்துவிடுவார். சேவ் செய்வதெல்லாம் இல்லை. அரைமணிக்குள் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறதோ அவ்வளவுதான் உலகம். ஸ்பீட்ரன் என்ற சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை, ஆனால் ஐந்து ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருந்தோம். 1-2-இல் கூரைமேல் ஏறி ஓடினால் நாலாம் உலகத்துக்குப் போகலாம் என்று எல்லாப் பையன்களுக்கும் தெரியும். 4-2-இலும் அப்படியே கூரைமேல் ஓடினால் அஞ்சாவது. அதற்குமேல் யாருக்கும் தெரியாது, ஓனர் மகனைத் தவிர. அந்த அண்ணன் நாலிலிருந்து நேராக எட்டுக்குப் போவார். மத்தியானம் கடையைச் சாத்தும் நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் அதைச் செய்வார். கேட்டால் சிரிப்பார்.

நான் வாசல்படியில் உட்கார்ந்து காதால் பார்த்தேன். தரைக்கடி இசை தொடங்கியதும் எண்ண ஆரம்பிப்பேன். குதிக்கிற சத்தம். காசுச் சத்தம். மறுபடி காசு, மறுபடி காசு. இருபது எண்ணுவதற்குள் வேறெங்கும் கேட்டிராத ஒரு சத்தம், ஏதோ முளைத்து வளர்கிற மாதிரி. அப்புறம் இசையே மாறிவிடும். காசுச் சத்தம் வருகிற இடத்தில் எனக்குத் தெரிந்து எந்தக் கட்டியும் கிடையாது. அதிலிருந்து மூன்று வாரம் மளிகைக்கடைச் சில்லறையில் அமுக்கிய காசையெல்லாம் அந்த ஒரு லெவலில் கொட்டினேன். வெறும் காற்றில் குதித்துக் குதித்துத் தலையால் முட்டினேன். ஒருநாள் காற்றில் டங் என்று ஒரு கட்டி முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத கட்டிகள், அவற்றின்மேல் ஏறித்தான் மேலே இருக்கும் செங்கல்லை முட்ட வேண்டும். கொடி சரசரவென்று மேலே போனது. என் நேரம் முடிந்து ஓனர் சுவிட்சை அணைத்ததும் அப்போதுதான்.

மறுநாள் என் சிநேகிதனுக்கு ஒரே நிமிடத்தில் வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவனால் ஏறவே முடியவில்லை. ஓர் ஆமை குறுக்கே வந்தால் போச்சு, எந்தக் கட்டியை முதலில் முட்டினோம் என்று மறந்து நிற்பான். எனக்கோ அங்கே எத்தனை விதமாகச் சாகலாம் என்பது அத்தனையும் தெரியும். உங்கள் மூன்று மாதத்தைப் பற்றி நினைத்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. உங்களைத் திட்டியதில் பாதி அவனுக்குச் சேர வேண்டியது. மீதி எனக்கு, ஒரே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்ததற்கு.

போன வாரம் அந்த ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தது அதே அண்ணன்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆதார் அட்டை நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, சும்மா இருக்க முடியாமல் வாசல்படிக் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தெரியும்டா. ஷட்டருக்குக் கீழே உன் செருப்பு தெரியும். நீலவார்" என்றார். கொஞ்சம் கழித்து, "அதனாலதான் சவுண்டைக் குறைக்கல" என்றார்.

நகலுக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உங்கள் பங்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். அதை ரூட்டின் ஒவ்வோர் அடிக்கும் காரணம் எழுதிய நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அப்போது பேசலாம். அடுத்த கடிதத்தில் உங்கள் நேரம் எத்தனை விநாடி குறைந்தது என்று எனக்கு எழுத வேண்டாம். 4-1-இல் கொடிக்கம்பத்தைத் தொட்ட பிறகு உங்கள் பஸ் கிளம்ப எத்தனை ஃபிரேம் மிச்சம் இருந்தது என்று எழுதுங்கள்.

கன்ட்ரோலர் பற்றியும் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பட்டன் ஒட்டிக்கொள்ளாததாக எது இருக்கிறதோ அது.

அன்புடன்.