நீச்சல் தெரியாது, கௌடியாலாவில் படகேறலாமா?

கேள்வி: மார்ச்சில் நண்பர்களோடு ரிஷிகேஷ் போகிறேன். கௌடியாலாவிலிருந்து கங்கையில் நாள் முழுக்க ராஃப்டிங் (ரப்பர் படகில் துடுப்புப் போட்டு அலைகளில் போவது) என்று பதிவு செய்துவிட்டார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, கண்ணாடி வேறு போடுகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: நீச்சல் தெரியாதவர்கள் நிறையப் பேர் அங்கே படகேறுகிறார்கள். ஆனால் படகேறும் முன்பே கைடிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கௌரவம் பார்த்து மறைப்பவர்களால்தான் தொல்லை.

கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 35 கி.மீ. வழியில் வியாசி பக்கம் ‘தி வால்’ என்று ஆறு சீறிப் பாயும் ஒரு இடம் இருக்கிறது. கடுமையில் ஆறில் நாலாம் நிலை, படகைக் கவிழ்த்துவிடும். அங்கே இறங்கிக் கரையோரமாக நடந்து வரச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நடங்கள். என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவருக்கு மெரைன் டிரைவிலிருந்து (மும்பையில் இருப்பது இல்லை, கங்கைக் கரையில் இதே பெயரில் உள்ள இடம்) கிளம்பும் சுமார் 25 கி.மீ. பயணமே போதும். தி வால் அதற்கு முன்பே, ஆற்றின் மேல்பகுதியில் இருப்பதால் உங்கள் வழியில் வராது. நண்பர்கள் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கப் போகிறவர்களை அலையைவிடக் குளிர்தான் அதிகம் வாட்டும். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து வரும் பனியுருகிய நீர் அது. மார்ச் வெயிலிலும் சில்லென்றுதான் இருக்கும். நனைந்த பருத்தி சீக்கிரம் காயாது. காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் ஜீன்ஸும் காட்டன் பனியனும் வேண்டாம். விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் உடை, மேலே ஒரு விண்ட்சீட்டர், காலுக்குப் பின்பட்டை உள்ள செருப்பு போதும். ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலியெல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட்டை நீங்களே சோதியுங்கள். பட்டைகளை எல்லாம் இறுக்கிய பிறகு, நண்பரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வு என்று அர்த்தம், இன்னும் இறுக்குங்கள். உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது.

துடுப்பின் மேல்முனையில் ‘டி’ வடிவப் பிடி ஒன்று இருக்கும். ஒரு உள்ளங்கை எப்போதும் அதன்மேல் இருக்கட்டும். அதை விட்டால் பக்கத்தில் இருப்பவர் பல் போகும், சில சமயம் உங்கள் பல்லே போகும்.

தண்ணீரில் விழுந்தால் மல்லாக்கப் படுங்கள், கால் நீரோட்டத் திசையில், விரல்கள் தெரியும்படி மேலே. ஆழமில்லை என்று எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் வேகம் உங்களை அப்படியே குப்புற அமுக்கிவிடும். கைடு கயிறு வீசினால், கயிற்றைத் தோள்மேல் போட்டு நெஞ்சோடு பிடியுங்கள். கையில் சுற்றக் கூடாது.

காலையில் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். அங்கே இட்லி கிடைக்காவிட்டால் பிரெட், வாழைப்பழம். முந்தின இரவு மது வேண்டவே வேண்டாம். மதியத்துக்கு மேல் கை சோரும், கவனம் சிதறும். கரையில் நிறுத்தும்போது டீ, மேகி எது கிடைத்தாலும் சாப்பிட்டுவிடுங்கள். குன்றிலிருந்து குதிக்கச் சொல்லி நண்பர்கள் உசுப்பேற்றினால், நீச்சல் தெரியாதவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

இருதய நோய், வலிப்பு, சமீபத்து அறுவை சிகிச்சை, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் படகேறாதீர்கள்.